எண்ணும் கையும்

காப்பியங்களைப் பற்றியும் பண்ணிசையைப் பற்றியும் அறிஞர்கள் எழுதும் சங்க மலரில், பழைய மோட்டார் கார்களைப் பற்றி எழுதப் புகுவது நமக்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் மலர்க் குழுவினர் கேட்டது, அவரவர் தம் வாழ்வில் கண்டறிந்த பொருளைப் பற்றி எழுத வேண்டும் என்பதே. குர்லாவில் என்ஜின் போரிங் பட்டறை ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகளைக் கழித்த நாம் கண்டறிந்ததெல்லாம் வார்ப்பிரும்புதான். அதைப் பற்றியே எழுதுகிறோம்.

அந்தப் பட்டறைக்கு நாளும் வந்தவை பெரும்பாலும் பத்மினி டாக்ஸிகள். பத்மினி பெயரால் நம்மவள், பிறப்பால் இத்தாலியள். ஃபியட் 1100 வகையின் வழி வந்தவள். அவளைப் பெற்ற அதே குர்லாத் தொழிற்சாலைதான், நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, அமெரிக்க டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளையும் பூட்டி வெளியிட்டது. இரு வகை என்ஜின்களையும் பிரித்துப் பார்த்தவர் எங்கள் பட்டறையின் மூத்த மேஸ்திரி. "அமெரிக்காக்காரன் இரும்பை அள்ளிக் கொடுப்பான், இத்தாலிக்காரன் கிள்ளிக் கொடுப்பான். அள்ளிக் கொடுத்தது அடி தாங்கும், கிள்ளிக் கொடுத்தது பாட்டுப் பாடும்" என்பார் அவர். பத்மினி 2000-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்று, 2023 அக்டோபரில் டாக்ஸியாகவும் மும்பைத் தெருக்களிலிருந்து விடை பெற்றாள். மேஸ்திரி அவளுக்கு முன்னரே விடை பெற்றுவிட்டார். அவருடைய அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் இப்பொருளில் நமக்குக் கல்வி கிடையாது.

நம் இளவல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கார் உறுப்புகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றி 2023-இல் ஓய்வு பெற்றான். ஓய்வு பெற்ற மறுவாரமே தொலைபேசியில் அழைத்தான். "அண்ணே, ஆயுசுல ஒரே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வச்சுக்கிடணும். இத்தாலிக்காரன் செஞ்சதா, இந்த ஊர்க்காரன் செஞ்சதாங்கிறதை நீங்க வந்து பாத்துச் சொல்லணும்" என்றான். அவன் துணைவி ஒரேயொரு நிபந்தனை விதித்திருந்தாள். மகளின் மருத்துவப் படிப்பு முடியவில்லை; ஆகவே எப்போது விற்க நேர்ந்தாலும் போட்ட பணம் குறையாமல் திரும்ப வேண்டும். ஆசைப்பட்டவனுக்கு அது தடையாகத் தோன்றவில்லை. பழைய கார் பொன்னைப் போன்றது, விலை ஏறுமேயன்றி இறங்காது என்று சேகரிப்போர் பேசுவதை அவன் கேட்டிருந்தான். பொன்னை உரைத்துப் பார்க்கக் கல் இருக்கிறது. காரை எதில் உரைப்பது என்பதைத்தான், 2024 கோடையில் இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தபோது, நாமும் அவனும் கற்றுக்கொண்டோம்.

இத்தாலியக் கார்களின் உயரத்தை அளக்க ஃபெராரி 250 ஜிடிஓ என்னும் வண்டி ஒன்றே போதும். 250 என்பது ஓர் உருளையின் கொள்ளளவு, ஏறத்தாழ அத்தனை கன சென்டிமீட்டர். அத்தகைய உருளைகள் பன்னிரண்டு. அவற்றுக்கு மூச்சு ஊட்ட இரட்டை வாய்க் கார்புரேட்டர்கள் ஆறு. மூன்று லிட்டர்தான் என்ஜின். வலிமை ஏறத்தாழ 300 குதிரை. 1962 முதல் 1964 வரை கட்டப்பட்டவை வழக்கமான கணக்கில் 36 வண்டிகள் மட்டுமே. அடிச்சட்டமும் என்ஜினும் மரனெல்லோவில் ஃபெராரியின் கூடத்தில் உருவாயின. மேல் உடலோ, மொதேனா நகரில் ஸ்காலியெத்தியின் பட்டறையில் அலுமினியத் தகட்டை மணல் மூட்டை மீது வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்கப்பட்டது. நம் ஊரில் பித்தளைக் குடம் தட்டுபவர் கண் அளவையே அளவுகோலாகக் கொள்வதில்லையா, அது போலத்தான். ஆகவே ஒன்று போல் மற்றொன்று இராது. ஏன், ஒரே வண்டியின் இடப்புறமும் வலப்புறமும்கூட மயிரிழை பிசகும். நம் பட்டறையில் இப்படி ஒரு வேலையைச் செய்து கொடுத்திருந்தால் மேஸ்திரி திருப்பி அனுப்பியிருப்பார். அங்கே அந்தப் பிசகே கையெழுத்தாக மதிக்கப்படுகிறது.

மதிப்பு உடனே வந்துவிடவில்லை. அமெரிக்காவில் புதிதாக ஏறத்தாழ 18,000 டாலருக்கு விற்ற அந்த வண்டிகள், இரண்டு மூன்று பந்தயப் பருவங்கள் கழிந்ததும் வெறும் பழைய வண்டிகள் ஆயின. அவற்றுள் ஒன்றை அதன் உடைமையாளர் டெக்சாஸ் மாநிலம் விக்டோரியா நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கு, மாணவர் மோட்டார் தொழில் பழகட்டும் என்று கொடுத்துவிட்டார். 1972-இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் அதை ஒஹாயோ மாநிலத்தில் திறந்த வெளியில் ஓர் இழுவண்டியின் மீது பல்லாண்டுகள் வெயிலிலும் பனியிலும் நிறுத்தி வைத்திருந்தார். அதே வகை வண்டி ஒன்று 2018-இல் கலிபோர்னியா ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கும், மற்றொன்று 2023-இல் நியூயார்க்கில் 5 கோடியே 17 இலட்சம் டாலருக்கும் போயின. 2019-இல் பொலோஞா நகர நீதிமன்றம் அந்த வண்டியின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்றே ஏற்று, பிறர் நகல் செய்யலாகாது என்று தீர்ப்பளித்தது. சிற்பத்துக்குக் கிடைக்கும் காப்பு தகரத்துக்குக் கிடைத்துவிட்டது.

அமெரிக்கக் கதை வேறு தினுசு. செவர்லே நிறுவனத்தின் கார்வெட் 1953 ஜூன் 30 அன்று மிச்சிகனில் ஃபிளின்ட் நகரில் முதன்முதலாக வெளிவந்தது. அந்த ஆண்டில் 300 வண்டிகள். எல்லாம் வெள்ளை நிறம். உள்ளே எல்லாம் சிவப்பு. உடல் இரும்பன்று, அலுமினியமும் அன்று. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து அச்சில் வார்த்தது. முதல் வண்டிகளின் ஆறு உருளை என்ஜினும் இரண்டே கியர்களும் விரைவுப் பிரியர்களைக் கவரவில்லை. 1955-இல் வி-எட்டு என்ஜின் வந்தபிறகும், சோரா ஆர்கஸ்-டன்டோவ் என்னும் பொறியாளர் அதைப் பிடித்துக்கொண்ட பிறகுமே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் என்னும் பெயருக்குத் தகுதி பெற்றது. 1954 முதல் அது செயின்ட் லூயிஸ் நகரில் பூட்டப்பட்டது. 1966-ஆம் ஆண்டு வகையில் மட்டும் 27,720 வண்டிகள். ஒரு பக்கம் முப்பத்தாறு; மறுபக்கம் ஓராண்டிலேயே இருபத்தேழாயிரம். கையெழுத்துப் பிரதிக்கும் அச்சிட்ட புத்தகத்துக்கும் உள்ள தொலைவு இது.

அச்சிட்ட புத்தகத்தைச் சேகரிப்பவர் முதற்பதிப்பா, அட்டை பழையதா, பக்கம் குறையாததா என்று பார்ப்பார். கார்வெட் சேகரிப்போரும் அவ்வாறே. 1963 வகையில் பின்புறக் கண்ணாடி நடுவே ஒரு பட்டையால் இரண்டாகப் பிரிந்திருந்தது. அழகு என்றார் வடிவமைப்புத் தலைவர் பில் மிச்செல். பின்னால் வருவது தெரியவில்லை என்று முணுமுணுத்தார் டன்டோவ். அடுத்த ஆண்டே பட்டை போயிற்று. புது நாகரிகத்தோடு ஒட்டி நிற்க விரும்பிய சிலர் தம் 1963 வண்டியிலும் பட்டையை அறுத்தெறிந்து ஒற்றைக் கண்ணாடி பொருத்திக்கொண்டனர். இன்று அந்தப் பட்டை உள்ள வண்டிக்குத்தான் விலை. தலைமுறை தலைமுறையாக வந்த தேக்குத் தூணைப் பெயர்த்துவிட்டுச் சிமென்ட் தூண் நாட்டிய நம் ஊர் வீட்டுக்காரர்கள் சிலர் நம் நினைவுக்கு வந்தனர்.

மிகுதியாகச் செய்தது எல்லாம் மலிவு என்றும் கொள்ள வேண்டாம். 1967 கார்வெட்டில் எல்-88 என்னும் பந்தய என்ஜின் பொருத்திக் கேட்டு வாங்கியோர் இருபதே பேர். அவற்றுள் ஒன்று 2014-இல் 38½ இலட்சம் டாலர் பெற்றது. கேரல் ஷெல்பி இங்கிலாந்து உடலில் ஃபோர்டு என்ஜினைப் பொருத்திப் படைத்த கோப்ராவின் முதல் வண்டி 2016-இல் 1 கோடியே 37½ இலட்சம் டாலருக்கு விற்றது. ஆயினும் இத்தாலியச் சிகரத்தோடு ஒப்பிட்டால் இவை குன்றுகளே.

இரு நாட்டாரும் நேருக்கு நேர் மோதிய களம் பிரான்சில் லெ மான் நகரின் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயம். 1963-இல் ஃபோர்டு நிறுவனம் ஃபெராரியை விலைக்குக் கேட்டது. பேச்சு முற்றிய நிலையில் என்சோ ஃபெராரி முறித்துக்கொண்டார். சினங்கொண்ட ஃபோர்டு, ஃபெராரியை அதன் களத்திலேயே வெல்வதென்று பணத்தைக் கொட்டி, 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 1967-இல் வென்ற செந்நிற வண்டியை டியர்பார்ன் நகரத்து ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் கண்டோம். ஏழு லிட்டர் என்ஜின்! ஜிடிஓவின் மூன்று லிட்டர் எங்கே, இந்த ஏழு எங்கே. மேஸ்திரியின் 'அள்ளிக் கொடுப்பான்' என்பதன் பொருளை அங்கேதான் கண்ணால் கண்டோம். அதற்கு முன் 1965-இல் லெ மானில் கடைசியாக வென்ற ஃபெராரி, 250 எல்.எம். என்னும் வண்டி, நெடுங்காலம் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயக்கள அருங்காட்சியகத்தின் உடைமையாக இருந்து, 2025 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் 3 கோடியே 48 இலட்சம் யூரோவுக்கு மேல் விலை பெற்றது. பகைவன் வீட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் பேணி வளர்த்த பிள்ளை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். லெ மானில் ஃபெராரி மீண்டும் வெல்ல 2023 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். கோடிகளைப் பேசுவது எளிது. இளவலின் கையிலிருந்தது ஓய்வு ஊதியச் சேமிப்பில் ஒரு பகுதி. அதற்குள் அடங்கியவை இரண்டு: 1979-ஆம் ஆண்டு ஃபெராரி 308 ஜிடிஎஸ் ஒன்று, 1966-ஆம் ஆண்டு கார்வெட் திறந்த வண்டி ஒன்று. கேட்ட விலையும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் கலந்த இனமும் உண்டு. டி தொமாசோ பான்தெரா என்பது இத்தாலிய உடலும் ஃபோர்டு என்ஜினும் கொண்டது. அந்த உடலை வரைந்தவரும் ஓர் அமெரிக்கரே. இளவல் அதை நினைத்துப் பார்த்துவிட்டு, "கலப்பு வேண்டாம்ணே, ஒண்ணு இது, இல்லேன்னா அது" என்று விட்டுவிட்டான்.

ஃபெராரியை முதலில் பார்த்தோம். 308 என்பது ஜிடிஓவைப் போல் அரியதன்று. 1975 முதல் 1985 வரை ஏறத்தாழ 12,000 செய்தார்கள். ஆயினும் பினின்ஃபரீனா கூடத்தில் லியோனார்தோ ஃபியொரவாந்தி வரைந்த அந்த உருவம் நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவது போல் தோன்றியது. இருக்கைகளின் பின்னே குறுக்குவாட்டில் எட்டு உருளை என்ஜின். கேம் தண்டுகள் நான்கு. இரட்டை வாய் வெபர் கார்புரேட்டர்கள் நான்கு. எட்டு வாய்களும் ஒரே அளவில் மூச்சிழுக்க வேண்டும். நம் பட்டறை வழக்கப்படி ரப்பர்க் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு வாயருகிலும் பிடித்துக் கேட்டோம். ஆறு வாய்கள் ஒரே சுருதி. இரண்டு சற்று ஏற்றம். வீணையைச் சுருதி கூட்டுவது போன்ற வேலை அது. ஒரு மாலைப் பொழுது போதும். விற்பவர் அனுமதித்ததால் இளவல் ஓட்டினான். குளிர்ந்திருக்கும்போது இரண்டாம் கியர் விழ மறுத்தது. அது குறையன்று, எண்ணெய் சூடேறும் வரை ஃபெராரியின் வழக்கமே அதுதான் என்றார் அவர், உண்மையும் அதுவே. சூடேறிய பின் நெடுஞ்சாலையில் எழுந்த ஒலியை எழுத்தில் தர இயலாது. இறங்கியபோது இளவலின் முகம் பத்து வயதுப் பையனின் முகம்.

ஆனால் அந்த என்ஜினில் கேம் தண்டுகளைச் சுழற்றுபவை பல்வைத்த ரப்பர்ப் பட்டைகள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி என்ஜினே போய்விடும். அந்த ஊரில் அதைச் செய்யத் தெரிந்தவர் இருவர். அவர்களுள் ஒருவர் சொன்ன கூலியைக் கேட்டபோது, குர்லாவில் அந்தப் பணத்துக்கு ஓடும் டாக்ஸி ஒன்றையே பர்மிட்டோடு வாங்கியிருக்கலாமே என்று நினைத்தோம். விற்பவர் அந்த வண்டியைக் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓட்டியது மொத்தம் நானூறு மைல். மைல் ஏறினால் விலை இறங்கும் என்று அஞ்சினாராம். பாட்டுப் பாடும் பறவையை, பாடினால் மதிப்புக் குறையும் என்று வாயைக் கட்டி வைத்திருந்தார் என்றுதான் நமக்குப் பட்டது. சேகரிப்போர் இதைப் பேணுதல் என்பார்கள். நாம் அவர்களோடு உடன்படவில்லை.

கார்வெட் ஒஹாயோவில் ஒரு சிற்றூரில் இருந்தது. விற்பவர் தொழிற்சாலை ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர். நம் வயதுதான் இருக்கும். பின்புறம் சக்கரங்களுக்குக் குறுக்கே லாரியில் போடுவது போன்ற தகட்டு வில்! 327 கன அங்குல என்ஜின், அதாவது ஏறத்தாழ 5.4 லிட்டர். கேம் தண்டு ஒன்றே. நான்கு வாய்க் கார்புரேட்டர் ஒன்றே. எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். உறுப்புகள் எல்லாம் விலைப்பட்டியலில் பார்த்துத் தபாலில் வருவிக்கலாம். தட்டியதும் உறுமியது. பாட்டு இல்லை, பேச்சு. நமக்குப் புரிந்த பேச்சு.

விளம்பரத்தில் அவர் முதன்மையாகக் குறித்திருந்தது எண் பொருத்தம். அதாவது, வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது எந்த என்ஜினோடு வந்ததோ அதே என்ஜின் இன்னும் அதில் இருக்கிறது என்பது. இத்தாலியக் காரில் யார் கை பட்டது என்று தேடுவார்கள்; அமெரிக்கக் காரில் எந்த எண் பட்டது என்று தேடுவார்கள். செவர்லே சிறு வி-எட்டு என்ஜினின் முன்புறம், வலப்பக்க உருளைத் தலைக்கு முன்னால், இரண்டு விரலகல மேடை ஒன்று உண்டு. அதில் இரண்டு வரிசை. ஒன்றை ஃபிளின்ட் என்ஜின் தொழிற்சாலையில் பொறித்தார்கள். மற்றது வண்டியின் அடிச்சட்ட எண்ணின் சுருக்கம், செயின்ட் லூயிஸில் பொறித்தது. வண்டியின் தகட்டிலுள்ள எண்ணும் அந்த மேடை எண்ணும் ஒன்றாயின், அதே வண்டிக்கு விலை நான்கில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் மேல், கூடும். தகடும் மேடையும் ஒன்றாகவே இருந்தன. இளவல் மகிழ்ந்தான். துணைவியின் நிபந்தனை நிறைவேறிவிட்டதல்லவா.

நாம் கைக்குட்டையால் மேடையைத் துடைத்து விரலால் தடவினோம். விரல் எதையோ தேடியது. அது அங்கே இல்லை. அந்த என்ஜின்களின் மேற்பரப்பைத் தொழிற்சாலையில் புரோச் என்னும் பல பற்கள் கொண்ட நீண்ட வெட்டுக் கருவியால் ஒரே ஓட்டத்தில் சீவுவார்கள். முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் விழும். மேடையும் அதே ஓட்டத்தில் சீவப்படுவதால் கோடுகள் அதிலும் தொடரும். இங்கே கோடுகள் இல்லை. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் வளைவு வளைவாக மில்லிங் கட்டரின் சுழல்தான் தெரிந்தது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகள் பொறித்திருக்க வேண்டிய இரு வரிசைகளும் ஒரே ஆழம், ஒரே சாய்வு. பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை என்ஜினின் பின்புறம் நுழைத்து, வார்ப்பு நாளைப் படித்தோம். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி எண்: எஃப் 14 6. ஜூன் 14, 1966. கையுறைப் பெட்டியின் கீழே உள்ள தகடோ, வண்டியின் உடல் அதே ஆண்டு பிப்ரவரியில் முடிந்தது என்றது. பிள்ளைக்குப் பின் தாய் பிறந்த கணக்கு.

இதைக் கண்டுபிடித்தது அறிவால் அன்று. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். குர்லாப் பட்டறையில் டாக்ஸியின் பிளாக் வெடித்துவிட்டால், பழைய இரும்புச் சந்தையிலிருந்து வேறு பிளாக் வரும். அதன் எண்ணை அரம் போட்டு அழித்து, பரப்பைச் சீவி, பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணைப் பஞ்சும் சுத்தியலும் கொண்டு நாமே பொறித்துக் கொடுத்திருக்கிறோம். பதிவு அலுவலகத்துக்கு நடந்து ஒரு வாரக் கூலியை இழக்க டாக்ஸிக்காரருக்கு மனம் வராது. முதலாளிக்கும் வண்டி அன்றே வெளியேற வேண்டும். எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை. ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுப்பார்கள். அந்த ஒரே கையின் ஆழமும் சாய்வும் நமக்கு நன்றாகத் தெரியும். ஒஹாயோவில் அந்த மேடையைத் தடவியபோது முன்பின் தெரியாத ஒருவரின் கையை அடையாளம் கண்டோம்.

இளவலை ஒதுக்குப்புறம் அழைத்துச் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, நீங்க சொல்லாட்டி இது யாருக்குத் தெரியும்? நாளைக்கு நான் விக்கும்போதும் நம்பர் பொருந்தத்தானே செய்யும்" என்றான். அவன் நேர்மையற்றவன் அல்லன். மகளின் படிப்பும், வீட்டில் கொடுத்த வாக்கும், ஐந்து வயதிலிருந்து கார் படம் வரைந்த ஆசையும் சேர்ந்து அவனை அப்படிப் பேச வைத்தன. அவனைக் கண்டிக்க வாய் எழவில்லை. அந்த ஐந்து ரூபாய்கள் தொண்டையில் நின்றன. "அடுத்து வாங்குகிறவன் கூடவும் ஒரு அண்ணன் வருவாம்லா" என்று மட்டும் சொன்னோம். அது அறத்தின் பேரில் சொன்னதா, அச்சத்தின் பேரில் சொன்னதா என்று இன்றும் நமக்குத் தெளிவில்லை.

முதியவரிடம் சிறு கண்ணாடியைக் கொடுத்து வார்ப்பு நாளைக் காட்டினோம். அவர் மூன்று முறை படித்தார். 1990-களில் எண் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்த ஒருவரிடமிருந்து முழு விலை கொடுத்து வாங்கியதாம். அந்தத் தாளையும் வைத்திருந்தார். அவருடைய மனைவி அப்போது மருத்துவமனையில் இருந்தார் என்பதும், விற்பதன் காரணம் அதுவே என்பதும் பிறகுதான் பேச்சில் தெரிய வந்தது. நமக்குக் காப்பி கொடுத்தார். அதற்கு மேல் அன்று ஒன்றும் பேச இயலவில்லை, திரும்பிவிட்டோம். வழி முழுவதும் இளவல் வானொலியைக்கூடத் திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மனம் மாறட்டும் என்று கென்டக்கி மாநிலத்தில் பவுலிங் கிரீன் நகரிலுள்ள கார்வெட் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனான். 2014 பிப்ரவரியில் அந்தக் கட்டடத்தின் தரை திடீரென உள்வாங்கி எட்டுக் கார்கள் புதைகுழிக்குள் விழுந்தன. மூன்றை மட்டும் சீர்ப்படுத்தினர். ஏனையவற்றை நசுங்கிய கோலத்திலேயே காட்சிக்கு வைத்தனர். சீர்ப்படுத்திய மூன்றில் ஒன்று, 1992-இல் வெளிவந்த பத்து இலட்சமாவது கார்வெட். அதைப் பிரித்தபோது உள்பாகங்களில், வெளியே தெரியாத இடங்களில், அதைப் பூட்டிய தொழிலாளர்கள் இட்டிருந்த கையெழுத்துகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை இயன்ற அளவு அழியாமல் காத்துத்தான் வேலையை முடித்தார்கள். அமெரிக்கக் காரில் எண் உண்டு, கை இல்லை என்று அதுவரை நாம் பேசி வந்தது தவறு. கை இருந்தது, கேட்பவர்தாம் இல்லை.

பத்து நாள் கழித்து முதியவரே தொலைபேசியில் அழைத்தார். என்ஜின் மாற்றப்பட்ட வண்டி என்று தெரிவித்து, அதற்குரிய விலைக்கே விற்பதாகச் சொன்னார். முதலில் கேட்டதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இளவல் அதற்கு மேல் பேரம் பேசவில்லை. துணைவியிடம் நடந்ததை முழுவதும் சொன்னான். அவள் கணக்குப் போட்டுப் பார்த்து, "ஏமாத்தி ஏத்தின விலை போயிட்டுது, இனி இறங்க என்ன இருக்கு?" என்றாள். நாங்கள் இருவரும் இரண்டு மாதம் அலைந்து எட்டாத முடிவை அவள் அடுக்களையில் நின்றபடி எட்டிவிட்டாள். ஃபெராரியை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு இளவல் இன்றும் சரியான விடை சொல்வதில்லை. நம்மைக் கேட்டால், அதுவே மேலான படைப்பு, ஐயமில்லை. மழை வந்தால் நனையும் காராக அவனுக்கு ஒன்று வேண்டியிருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்ட அன்று இளவல் ஓர் அரத்தை நீட்டி, "அந்தப் பொய் நம்பரை அழிச்சிருங்கண்ணே" என்றான். வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தோம். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டோம். என்ஜின் இந்த வண்டியுடன் பிறந்ததன்று என்று முதியவர் தம் கையால் எழுதி, நாளிட்டு, கையெழுத்திட்ட தாள் கையுறைப் பெட்டியில் இருக்கிறது. அவருடைய எழுத்து சற்றுச் சாய்ந்து, வரிக்கு வரி ஆழம் மாறி இருந்தது. போன மாதம் பேசியபோது வண்டி நம் காலத்துக்குப் பின் மூவாயிரம் மைல் ஓடியிருப்பதாகவும், முன்சக்கரம் ஒன்றில் ஏதோ கீச்சொலி எழுவதாகவும் சொன்னான். பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கும், கழற்றிப் பார் என்றோம்.